எதிர்காத்துல ரெண்டு பேர்: வின்னிபெக்ல இருந்து ராக்கி மலைக்கு பைக்ல

முதல் நாள் மதியமே எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னு போச்சு. மூசமின்னு ஒரு சின்ன ஊரு, சஸ்காச்சுவான் மாகாணத்துக்குள்ள நுழைஞ்ச கொஞ்ச தூரத்துல, வின்னிபெக்ல இருந்து சுமார் 350 கிலோமீட்டர். அங்க கேஸ் ஸ்டேஷன் சுவத்துல சாஞ்சு நான் ஒரு பக்கம் உக்காந்திருக்கேன், இவரு பெட்ரோல் போட்ட ரசீத வெச்சுக்கிட்டு போன்ல கணக்கு போட்டுட்டு நிக்கறாரு. எனக்கு கழுத்த திருப்ப முடியல. அன்னிக்கே ரெஜைனா, அடுத்த நாளே கால்கரி, மூணாவது நாள் மலைன்னு இவரு போட்டு வெச்ச பிளான் அந்த சுவத்தோரமா செத்துப் போச்சு, ஆனா அத அப்போ ரெண்டு பேரும் ஒத்துக்கல.

கொஞ்சம் முன்கதை. நாங்க உடுமலைக்காரங்க, வின்னிபெக் வந்து எட்டு வருஷமாச்சு. இங்க வருஷத்துல அஞ்சு மாசம்தான் பைக் ஓட்ட முடியும், மீதி மாசமெல்லாம் வண்டி போர்வை போத்திட்டு கராஜ்ல தூங்கும். வண்டி 2014 மாடல் சுசுகி வி-ஸ்ட்ரோம் 650, செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, 20 லிட்டர் டேங்க். இவரு ஓட்டுவாரு, நான் பின்னாடி. ஜூலை 19 கெளம்பறோம்னு ஊருக்கு போன் போட்டு சொன்னதும் அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "ஆடி பொறந்துருச்சே, காத்தடிக்குமே கண்ணு?" கனடாவுல ஏதும்மா ஆடின்னு சிரிச்சேன். பாலக்காட்டு கணவாய் காத்துலயே வளந்தவ நான், ஊரச் சுத்தி கரன்ட் எடுக்கற காத்தாடி. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு பழமொழி சொல்லி வளத்தவங்க சொன்னா ஒரு நிமிஷம் காது கொடுத்திருக்கணும்.

இங்கயும் காத்து பெரும்பாலும் மேக்கால இருந்துதான். நாங்க போறதும் மேக்கால. டிரான்ஸ் கனடா ஹைவே, நம்பர் 1, வின்னிபெக்ல இருந்து கால்கரி வரைக்கும் கிட்டத்தட்ட 1,330 கிலோமீட்டர், போற வழி வர்ற வழி தனித்தனியா பிரிச்ச ரோடு, பெரிய வளைவே கிடையாது. மேப்புல பாத்தா இதவிட சுலபமான ரோடு உண்டான்னு தோணும். மரம் இல்ல, மலை இல்ல, காத்த தடுக்க தூரத்துல ஒரு கோதுமை குதிர் தவிர ஒண்ணும் இல்ல. அன்னிக்கு எதிர்காத்து 40 கிலோமீட்டர் வேகம்னு போன்ல போட்டிருந்துச்சு. நாம 110ல போனா வண்டி மேல மோதற காத்து 150. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும்ங்கறதால, காத்தில்லாத நாள்ல 110ல போறதுக்கும் இதுக்கும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம். 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டருக்குள்ள குடிக்கற வண்டி அன்னிக்கு ஆறரை குடிச்சிருக்கு. இவரு ரசீத வெச்சு முழிச்சது அதுக்குத்தான்.

என் கதை வேற. இதுக்கு நடுவுல ஓட்டறவங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. முன்னாடி இருக்கற கண்ணாடி தடுப்பு ஓட்டறவரு நெஞ்சுல காத்து படாம காப்பாத்தும், ஆனா அந்தக் காத்து எங்க போகும், மேல ஏறி சுழிச்சுக்கிட்டு பின்னாடி இருக்கறவங்க ஹெல்மெட்லதான் வந்து அடிக்கும். நேரா அடிச்சா கூட பரவால்ல, இது யாரோ தலைய ரெண்டு கையில புடிச்சு நாலு மணி நேரமா ஆட்டற மாதிரி. இன்டர்காம்ல "என்னங்க கொஞ்சம் நிறுத்துங்க"ன்னு நான் மூணு தடவ சொல்லியிருக்கேன், "இந்தா அடுத்த ஊரு, இன்னும் இருவது கிலோமீட்டர்தான்"னு இவரு மூணு தடவ சொல்லியிருக்காரு. அவரு மேல தப்பு சொல்ல முடியாது, அவருக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியல, தடுப்புக்குப் பின்னாடி சுகமா உக்காந்திருந்தாரு.

அன்னிக்கு ரெஜைனா போய்ச் சேர்றதுக்குள்ள உசுரு போச்சு. ஆனா மூசமினுக்கு அப்பறம் 90லயே போனோம். மீதி இருந்த சுமார் 225 கிலோமீட்டருக்கு அதனால கூட ஆனது அரை மணி நேரம் கூட இல்ல, ஆனா காத்தோட இழுப்பு கால்வாசி கொறஞ்சிருச்சு. ரைட் லேன்ல ஓரமா போனா லாரிக்காரங்க பொறுமையா தாண்டிப் போறாங்க, யாரும் ஹாரன் அடிக்கல.

ரெஜைனா மோட்டல் வாசல்ல அன்னிக்கு ராத்திரி பண்ண மூணு வேலைதான் இந்தப் பயணத்த காப்பாத்துச்சுன்னு நான் நெனைக்கறேன். ஒண்ணு, ஸ்பேனர் எடுத்து அந்த காத்துத் தடுப்ப கழட்டி ஒரு படி கீழ எறக்கி மாட்டுனோம். அடுத்த நாள்ல இருந்து அவரு நெஞ்சுல கொஞ்சம் காத்து, என் தலையில பாதி ஆட்டம் இல்ல. ரெண்டு, பாரம். டென்ட், ஸ்டவ், தண்ணி, இவரோட டூல்ஸ் எல்லாத்தையும் பின்னாடி டாப் பாக்ஸ்ல அடைச்சு வெச்சிருந்தோம். எங்க தாத்தா மாட்டு வண்டி வெச்சிருந்தவரு, பின்பாரம் ஏத்துனா நுகம் தூக்கிக்கும், மாடு நடக்காதும்பாரு. பைக்குக்கும் அதே கணக்குதான், பின்பாரம் ஜாஸ்தியானா முன்சக்கரம் லேசாகி பக்கவாட்டுக் காத்துல வண்டி பாம்பு மாதிரி நெளியும். கனமானதெல்லாம் சைடு பாக்ஸ்ல கீழயும் என் கால் பக்கத்துலயும் வந்துச்சு, டாப் பாக்ஸ்ல ஸ்வெட்டர், ஸ்லீப்பிங் பேக் மட்டும். ரெண்டு பேரு போறதுக்கு டயர் காத்து எவ்வளவுன்னு வண்டியிலயே ஸ்டிக்கர்லயும், சஸ்பென்ஷன் எப்படின்னு மேனுவல்லயும் போட்டிருக்கும், நாங்க தனியா ஓட்டற அளவுலயே வந்திருக்கோம்னு அன்னிக்குத்தான் பாத்தோம். (இத எழுதவே வெக்கமா இருக்கு.)

மூணாவது, ஒரு ஒப்பந்தம். தோள்ல ஒரு தட்டு தட்டுனா வேகத்த கொறைக்கணும். ரெண்டு தட்டு தட்டுனா நிறுத்த தோதான எடம் வந்ததும் நிறுத்தணும், ஏன்னு கேக்கக்கூடாது. ஏன்ங்கறத நின்னதுக்கு அப்பறம் பேசிக்கலாம். அவருக்கும் அதே உரிமை, "நான் களைச்சுட்டேன்"னு சொன்னா நான் "இன்னும் கொஞ்சம் போலாமே"ன்னு சொல்லக்கூடாது. இன்டர்காம்ல வாய்ச் சண்டை போட்டுட்டே 100 கிலோமீட்டர் வேகத்துல போறத விட இது எவ்வளவோ மேல்.

ரெண்டாவது நாள் விடியக்காலம் அஞ்சரைக்கே கெளம்பிட்டோம். வெயில் ஏற ஏறத்தான் மேல இருக்கற வேகமான காத்து தரைக்கு எறங்கும், அதனால ப்ரெய்ரின்னு சொல்ற இந்தப் புல்வெளிச் சமவெளியில காலையில கெடைக்கற நாலு மணி நேரம் தங்கம் மாதிரி. கோடையில வெளிச்சம் ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் இருக்குன்னு சொல்லி மெதுவா கெளம்பறது தப்புக் கணக்கு, மான் எல்லாம் பொழுது சாயும்போதுதான் ரோட்டுக்கு வரும். காலையிலயும் வரும், கண்ணு வெச்சிருக்கணும். இன்னொரு சின்ன குழப்பம், சஸ்காச்சுவான்ல கோடைக்கு கடிகாரத்த மாத்த மாட்டாங்க, மானிடோபாவுல மாத்துவாங்க, அதனால மேக்க போறப்போ எல்லை தாண்டுனதும் ஒரு மணி நேரம் இனாமா கெடைக்கும், ஆல்பர்டா எல்லையில ஒண்ணும் மாறாது. வரும்போது அந்த ஒரு மணி நேரத்த புடுங்கிக்குவாங்க.

புல்வெளி போரடிக்கும், ராத்திரியோட ராத்திரியா தாண்டிருங்கன்னு இங்க எல்லாரும் சொல்லுவாங்க. கார்ல போனவங்க பேச்சு அது. பைக்ல வாசனையா வரும், கனோலாங்கற எண்ணெய் வித்துப் பயிரு பூத்த வயல் வந்தா தேன் மாதிரி ஒரு நெடி, அப்பறம் வெட்டுன புல்லு, அப்பறம் மாட்டுப் பண்ணை, மழ பேஞ்ச மண்ணு. பக்கத்துலயே ரயில் ரோடு, சரக்கு ரயிலு வந்தா அதோட கடைசிப் பெட்டிய நாம தாண்டறதுக்குள்ள ஒரு பாட்டு முடிஞ்சிரும். மூஸ் ஜா ஊர்ல ரோட்டோரமா பெரிய கடமான் சிலை இருக்கு, 1984ல வெச்சது. நார்வேல ஒரு ஊர்க்காரங்க 2015ல அதவிட 30 சென்டிமீட்டர் ஒசரமா வெள்ளி மாதிரி பளபளக்கற ஒரு கடமான் செஞ்சு வெச்சுட்டாங்களாம், இவங்க ரோஷம் வந்து 2019ல கொம்ப மாத்தி பெருசாக்கிட்டாங்க. ஊருக்கு ஊரு கட் அவுட் போட்டி எங்கயும் உண்டு போல. அத தாண்டி சாப்ளின் ஏரி, பனி கொட்டுன மாதிரி வெள்ளை வெளேர்னு கெடக்கும். பாத்தா சோடியம் சல்பேட் உப்பு, அதையும் மீறி கடக்கரைப் பறவைங்க கூட்டங்கூட்டமா வந்து எறங்கற எடம்.

ஸ்விஃப்ட் கரண்ட் வந்தப்போ மதியம். அந்தப் பக்கம் காத்தாடிங்களப் பாத்ததும் எனக்கு ஊரு ஞாபகம் வந்துருச்சு, பல்லடம் ரோட்ல போற மாதிரியே. ஆனா அதுங்க பின்னாடி வானம் நல்லா இல்ல. மேக்கால கருநீலமா, அடியில கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி ஒரு மேகம், முன்விளிம்பு அலமாரிப் பலகை வெச்ச மாதிரி நேரா. போன்ல என்விரான்மென்ட் கனடாவோட இடி மழை எச்சரிக்கை அடிச்சுது. அடுத்து கல் லேக்ங்கற ஊரு, போயிரலாம்னு இவரு மனசுல ஓடறது எனக்கு முதுகப் பாத்தே தெரியுது. ரெண்டு தட்டு தட்டுனேன்.

ஏன்னு கேக்கல. அடுத்து வந்த மண் ரோட்ல திருப்பிட்டாரு. இங்க அதுக்கு கிரிட் ரோடும்பாங்க, மைலுக்கு மைலு கட்டம் கட்டுன மாதிரி போகும், மேல கொட்டுன ஜல்லி உதிரியா கெடக்கும். பாரத்தோட ரெண்டு பேரு ஜல்லியில போறப்போ ஒரு விஷயம், முன் பிரேக்க சட்டுனு அழுத்தக்கூடாது, ஹேண்டில இறுக்கிப் புடிக்காம லாரி டயர் போன தடத்துலயே மெதுவா போகணும், பின்னாடி இருக்கறவங்க ஆடாம அசையாம மூட்டை மாதிரி இருக்கணும். பண்ணை வீட்டு வாசல்ல ஒரு பெரியவரு எங்களப் பாத்ததும் கைய ஆட்டி நேரா ஷெட்டுக்குள்ள போகச் சொன்னாரு. அரைவட்டமா தகரத்துல கட்டுன ஷெட்டு, க்வான்செட்டும்பாங்க, உள்ள அறுவடை மெஷின் ஒண்ணு வீடு மாதிரி நிக்குது.

வண்டிய நிறுத்தி ஹெல்மெட் கழட்டல, ஆலங்கட்டி ஆரம்பிச்சுருச்சு. கோலிக்குண்டு அளவு. தகரத்து மேல அது விழற சத்தத்துல பக்கத்துல நிக்கறவரு வாய் அசையறது மட்டும் தெரியுது. பத்து பன்னெண்டு நிமிஷம் இருக்கும். நாங்க ரோட்ல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இவரு ஒரு வார்த்தை பேசல, என் கைய மட்டும் புடிச்சுக்கிட்டாரு. ஒண்ணு சொல்லணும், இந்த மாதிரி நேரத்துல பாலத்துக்கு அடியில ஒதுங்கறது ஆபத்து. எல்லாரும் அங்கயே நிறுத்துவாங்க, மழையில பின்னாடி வர்ற லாரிக்கு நாம தெரிய மாட்டோம். மேகத்த தூரத்துலயே பாத்து, முன்கூட்டியே ரோட்ட விட்டு எறங்கிரணும். புல்வெளியில இருக்கற ஒரே வசதி அதுதான், வர்றது அம்பது கிலோமீட்டர் முன்னாடியே தெரிஞ்சிரும்.

நின்னதும் பெரியவரு வயலப் பாக்கப் போனாரு, நாங்களும் பின்னாடியே போனோம். முழங்கால் ஒசரத்துக்கு ஏதோ செடி, எல்லாம் ஒடிஞ்சு படுத்துக் கெடக்கு. என்ன பயிருன்னு கேட்டேன். லென்டில், செகப்புன்னாரு. நம்ம மைசூர் பருப்பு. ஒலகத்துலயே அதிகமா இந்தப் பருப்ப ஏத்துமதி பண்றது கனடாதான், அதுலயும் பெரும்பங்கு சஸ்காச்சுவான்ல வெளையறது, வாங்கறவங்கள்ள நாம பெரிய ஆளு. துவரம்பருப்பு வெல ஏறுன மாசமெல்லாம் எங்க வீட்டு சாம்பார்ல இதுதான் வெந்திருக்கு, எங்க வெளையுதுன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. அவரு ஒரு காய கிள்ளி உள்ளங்கையில வெச்சுப் பாத்தாரு, இன்ஷூரன்ஸ் இருக்குன்னாரு, அதுக்கு மேல அதப்பத்தி பேசல. இத நீங்க எப்படி சமைப்பீங்கன்னு கேட்டாரு. புளி, சின்ன வெங்காயம், மஞ்சப்பொடின்னு நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல சொல்ல, அவரு தலையாட்டிக்கிட்டே இருந்தாரு. காலையில இருந்து எங்க பிளான் ஒரு நாள் தள்ளிப் போச்சேன்னு பொலம்பிட்டு வந்தவ நான், அந்த வயல்ல நிக்கறப்போ கூசிப் போச்சு.

மூணாவது நாள் மேக்கால போகல. மேப்பிள் க்ரீக்ல இருந்து தெக்கால சைப்ரஸ் மலைக்குப் போய் டென்ட் போட்டு படுத்தோம். மலைன்னு பேருதான், ஆனா புல்வெளிக்கு நடுவுல திடீர்னு பைன் மரக்காடு, சுமார் 1,400 மீட்டர் ஒசரம், பனியுகத்துல சுத்தி எல்லாம் பனிப்பாறை மூடுனப்போ இதோட உச்சி மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சாம். ராத்திரி நட்சத்திரத்தப் பாத்து ரெண்டு பேரும் பேசவே இல்ல, இது மூசமின் மாதிரி இல்ல. முன்னாடியே புக் பண்ண மலைப்பக்கத்து ரூம்ல ஒரு ராத்திரி காசு போச்சு. அடுத்த தடவ போறவங்க பிளான்லயே ஒரு வெத்து நாள புல்வெளிக்குள்ள விட்டு வைங்க, அந்த ஒரு ராத்திரி ரூம் காசுக்காக இடிமழைக்குள்ள வண்டிய விடற நெலம வராது.

சாயங்காலமானா செயின் வேலை. எங்க வண்டிக்கு சென்டர் ஸ்டாண்ட் இல்ல, நான் வண்டிய அடி அடியா தள்ளுவேன், இவரு குந்திட்டு செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிச்சுட்டே வருவாரு, செயின் சூடா இருக்கறப்பவே அடிச்சாத்தான் உள்ள எறங்கும். அப்பறம் ஹெல்மெட் கண்ணாடி. வெட்டுக்கிளியும் பூச்சியும் மோதி காஞ்சு போயிருக்கும், தேச்சா கீறல் விழும், ஈரத் துணிய பத்து நிமிஷம் போத்தி வெச்சு தொடைக்கணும். காதுல பஞ்சு மாதிரி இயர் பிளக் கட்டாயம், காத்து சத்தம் ஒரு நாள் முழுக்க கேட்டா ராத்திரி காது கூவும். தாகம் எடுக்கலன்னாலும் ஒவ்வொரு நிறுத்தத்துலயும் தண்ணி குடிக்கணும், காத்து வேர்வைய தெரியாமலே உறிஞ்சிரும், அத பசின்னும் கோவம்னும் நாம தப்பா புரிஞ்சுக்குவோம். முதல் நாள் சண்டையில பாதி அதுதான்னு இப்பவும் எனக்கு சந்தேகம். சாப்பாட்டுக்கு புளியோதரையும் சப்பாத்தி தக்காளித் தொக்கும், ரெண்டு நாள் தாங்குச்சு.

மெடிசின் ஹாட்ல ரோட்டோரமா பெரிய இரும்புக் கூடாரம், 1988 கால்கரி ஒலிம்பிக்ஸுக்கு செஞ்சது, அத பாத்துட்டு கால்கரிய நோக்கி போறோம், வழியில புல்வெளி கொஞ்சங்கொஞ்சமா ஏறிட்டே வந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது. வின்னிபெக் சுமார் 240 மீட்டர், கால்கரி ஆயிரத்துக்கு மேல. இவ்வளவையும் ஏறியிருக்கோம், ஒரு மேடு கூட ஞாபகம் இல்ல. கால்கரிக்கு கொஞ்சம் முன்னாடி மேக்கால அடிவானத்துல வெள்ளையும் நீலமுமா ஒரு கோடு, நான் மறுபடியும் மேகம்னு நெனச்சு ரெண்டு தட்டு தட்டிட்டேன். வண்டி நின்னுச்சு. "மேகம் இல்லம்மா, மலை"ன்னாரு. ரோட்டோரமா நின்னு ரெண்டு பேரும் சிரிச்சோம்.

மலையப்பத்தி எழுத நெறைய பேரு இருக்காங்க, நான் பைக்காரங்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்றேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல நேர் ரோட்ல போனதுல பின் டயர் நடுவுல தட்டையா தேஞ்சிருக்கும், முதல் வளைவுல வண்டி ஒரு மாதிரி தயங்கி சட்டுனு சாயும், பயந்துராதீங்க, முதல் அரை மணி மெதுவா போங்க. லேக் லூயிஸ்ல டேங்க நெரப்பிட்டுத்தான் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேங்கற மலை ரோட்ல ஏறணும், ஜாஸ்பர் வரைக்கும் 230 கிலோமீட்டர், நடுவுல பெட்ரோல் சஸ்காச்சுவான் ரிவர் கிராசிங்ல மட்டும், வெலையும் ஜாஸ்தி, வழியில பெரும்பாலும் போன் சிக்னல் கெடைக்காது. மொரெய்ன் ஏரிக்கு 2023ல இருந்து சொந்த வண்டிய விடறதில்ல, ஷட்டில் பஸ் முன்பதிவு பண்ணிக்கணும். கரடிய பாக்க கார்க்காரங்க ரோட்டுல கூட்டமா நின்னா நாம நிக்காம மெதுவா போயிரணும், அவங்களுக்கு கதவு இருக்கு. குளிர் வேற, கீழ 30 டிகிரியில வெந்துட்டு வந்தவங்க, 'போ சம்மிட்'ங்கற கணவாய் உச்சியில 2,069 மீட்டர், காலையில அஞ்சு டிகிரி, ரெயின் கோட்ட காத்துக்காக போட்டுக்கிட்டோம்.

பக்கத்துல 'போ'ங்கற ஏரியில தண்ணியத் தொட்டா வெரலு விறைக்குது. இவரு மேப்ப வெச்சு எனக்கு காட்டுனாரு, இந்தத் தண்ணி போ ஆறா கால்கரி வழியா போயி, தெற்கு சஸ்காச்சுவான் ஆத்துல கலந்து மெடிசின் ஹாட் தாண்டி, கடைசியில வின்னிபெக் ஏரிக்குத்தான் வருதாம். சனி ஞாயிறு ஆனா நாங்க காலு நனைக்கப் போற ஏரி. நாம நாலு நாள் எதிர்காத்துல ஏறி வந்தது இது சும்மா எறங்கிப் போற வழிதான்னு சொன்னாரு.

திரும்பறப்போ அந்தப் பண்ணை ரோட்ட தாண்டுனோம், எறங்கிப் போயி கதவ தட்டுனோம், யாரும் இல்ல. கொண்டு போன சாம்பார் பொடியில மிச்சத்த ஒரு டப்பாவுல போட்டு, எப்படி செய்யறதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி வாசல்ல வெச்சுட்டு வந்தோம். அதுக்கப்பறம் முழுக்க பின்காத்து. 110ல போறோம், ஹெல்மெட் கண்ணாடிய தெறந்தா காத்தே இல்லாத மாதிரி இருக்கு, இன்டர்காம் இல்லாமயே பேசிக்கலாம் போல, எஞ்சின் சூடுதான் காலுல அடிக்குது. மூசமின்ல அதே கேஸ் ஸ்டேஷன், அதே சுவரு. இவரு ரசீத வெச்சு கணக்கு போட்டாரு, 100 கிலோமீட்டருக்கு 4.3 லிட்டர். அப்போ இவரு மூஞ்சிய பாக்கணுமே, அந்தக் காத்த என்னமோ இவரே ஊதி அனுப்புன மாதிரி.